பாய்மரத்தை வெட்டினார், உலகத்தைச் சுற்றினார்!
தன்னந்தனி மாலுமி ஜோஷுவா ஸ்லோகத்தின் வாழ்க்கைக் கதை

உலகத்தைக் கப்பலில் சுற்றி வந்தவர்கள் பலர் உண்டு. பெரிய கப்பல், நிறைய ஆட்கள், வேண்டிய உணவு. அப்படித்தான் அவர்கள் போனார்கள்.

ஆனால், ஒரு சிறிய பாய்ப் படகில், துணைக்கு ஒருவர்கூட இல்லாமல், முதன்முதலில் உலகத்தைச் சுற்றியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ஜோஷுவா ஸ்லோகம்.

அவர் புறப்பட்டபோது அவருக்கு வயது 51. அவருக்கு நீந்தத் தெரியாது! படகில் என்ஜின் கிடையாது. நேரம் பார்க்க ஒரு தகரக் கடிகாரம். அதுவும் முகம் உடைந்தது. உடைந்திருந்ததால் கடைக்காரர் விலையைக் குறைத்து ஒரு டாலருக்குக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவர் 46 ஆயிரம் மைல் கடலைக் கடந்தார். எப்படி முடிந்தது?

துணிச்சல் இருந்தது, உண்மைதான். ஆனால் துணிச்சல் மட்டும் போதாது. பத்துப் பேர் செய்யும் வேலையை ஒருவர் செய்வதற்கு ஏற்றபடி தன் படகையும் பாய்களையும் அவர் மாற்றி அமைத்தார். தம் கைக்கு அடங்காததை எல்லாம் வெட்டிக் குறைத்தார். அதனால் உயிர் பிழைத்தார்.

அந்தக் கதைதான் இது.

செருப்புத் தைத்த சிறுவன்

வட அமெரிக்காவில் கனடா நாடு இருக்கிறது. அதன் கிழக்குக் கரையில் உள்ள நோவா ஸ்கோஷியாவில், 1844-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி ஸ்லோகம் பிறந்தார். அவருடைய பெற்றோருக்கு 11 குழந்தைகள். அவர் ஐந்தாவது பிள்ளை.

ஸ்லோகத்துக்கு எட்டு வயது ஆனபோது, குடும்பம் பிரையர் தீவு என்ற சிறு தீவுக்குக் குடியேறியது. அங்கே தந்தை, மீனவர்களுக்குத் தோல் பூட்சு தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். பையனும் அந்த வேலைக்கு உட்கார வேண்டியதாயிற்று.

பையனின் மனமோ கடலில் இருந்தது. தாயின் தந்தை கலங்கரை விளக்கத்தைக் காத்து வந்தவர். நான்கு பக்கமும் கடல். போகும் கப்பலையும் வரும் கப்பலையும் பார்த்துப் பார்த்து வளர்ந்தான்.

ஒரு நாள், யாருக்கும் தெரியாமல் மரத்தில் ஒரு சிறு கப்பல் செதுக்கிக்கொண்டிருந்தான். தந்தை பார்த்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு விளையாட்டா என்று கோபம் கொண்டு, அதை உடைத்து எறிந்தார்.

பையன் 14 வயதில் வீட்டை விட்டு ஓடினான். ஒரு மீன்பிடிக் கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்தான். ஆனால் சமையல் தெரியவில்லை. சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பினான்.

1860-ம் ஆண்டில் தாய் இறந்தார். அதன் பிறகு அவனை வீட்டில் கட்டிப்போட எதுவும் இல்லை. 16 வயதில் கப்பல் ஏறினான். திரும்பவே இல்லை.

கப்பல் தலைவர்

சாதாரண மாலுமியாகச் சேர்ந்த ஸ்லோகம், இரவில் படித்தார். நட்சத்திரத்தையும் சூரியனையும் பார்த்துக் கடலில் இடம் கண்டுபிடிக்கும் கணக்கைக் கற்றார். 25 வயதிலேயே கப்பல் தலைவர் ஆனார். இடையில் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

1871-ம் ஆண்டு ஜனவரி மாதம், ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி நகரில் வெர்ஜீனியா என்ற பெண்ணை மணந்தார். கப்பல்தான் அவர்களுக்கு வீடு. கணவர் போகும் இடமெல்லாம் மனைவியும் போனார். ஏழு குழந்தைகள் பிறந்தன. எல்லாம் கடலிலும் அயல்நாட்டுத் துறைமுகங்களிலும் பிறந்த குழந்தைகள். நான்குதான் தங்கின.

பின்னர் நார்தர்ன் லைட் என்ற பெரிய கப்பலுக்கு ஸ்லோகம் தலைவர் ஆனார். மூன்று பாய்மரங்கள் கொண்ட அழகிய கப்பல். அவர் கட்டளையிட்டால் ஆட்கள் பாய்மரங்களில் தாவி ஏறுவார்கள். பாய்களை விரிப்பார்கள், சுருட்டுவார்கள். அவர் கயிற்றைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

அதுதான் அவர் வாழ்வின் உச்சி. பிறகு சறுக்கல்.

1884-ம் ஆண்டு ஜூலை மாதம் தென் அமெரிக்காவில், பொனஸ் அயர்ஸ் துறைமுகத்தில், கப்பலிலேயே வெர்ஜீனியா இறந்தார். அப்போது அவருக்கு 34 வயது. ஸ்லோகம் இடிந்துபோனார்.

1886-ல் ஹெட்டி என்ற உறவுப் பெண்ணை இரண்டாம் தாரமாக மணந்தார். அடுத்த ஆண்டின் முடிவில், பிரேசில் நாட்டுக் கரையில் அவருடைய சொந்தக் கப்பலான அக்விட்னெக் மணல் திட்டில் மோதி உடைந்தது. அவருடைய சொத்து முழுவதும் அந்தக் கப்பலில்தான் இருந்தது. எல்லாம் போயிற்று.

அயல்நாடு. கையில் காசு இல்லை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருக்கிறார்கள். எப்படி ஊர் திரும்புவது?

மூங்கில் வைத்த பாய்

ஸ்லோகம் பிறரிடம் கையேந்தவில்லை. உடைந்த கப்பலில் கிடைத்த பொருள்களையும், காட்டில் வெட்டிய மரத்தையும் கொண்டு 35 அடி நீளத்தில் ஒரு படகு கட்டினார். பாய்களை ஹெட்டி தைத்தார். தையல் வேலை அவருக்குத் தெரியும்.

அந்தப் படகைத் தண்ணீரில் இறக்கிய நாள், 1888-ம் ஆண்டு மே 13-ந் தேதி. அன்றுதான் பிரேசிலில் அடிமைகள் விடுதலை பெற்றார்கள். ஆகவே, படகுக்கு லிபர்டாட் என்று பெயர் வைத்தார். அந்நாட்டு மொழியில் விடுதலை என்று பொருள்.

இந்தப் படகுக்கு அவர் தேர்ந்தெடுத்த பாய், மேல்நாட்டுப் பாய் அல்ல. சீனக் கடலில் அவர் பார்த்திருந்த பாய். அது என்ன பாய்?

மேல்நாட்டுப் பாய், வெறும் துணி. காற்று அடித்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதைச் சுருக்கிக் கட்டப் பலம் வேண்டும். பல கைகள் வேண்டும். சீனப் பாயிலோ, குறுக்கே வரிசையாக மூங்கில்கள் கட்டியிருக்கும். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். தட்டிப் பந்தலைச் சுருட்டி இறக்குவது போல, ஒவ்வொரு மூங்கிலாக அடுக்கடுக்காக மடிந்து கீழே வந்துவிடும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இறக்கலாம். யாரும் மரத்தில் ஏற வேண்டியது இல்லை.

குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு இதைவிட வசதியான பாய் இல்லை என்பது ஸ்லோகத்தின் முடிவு.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். நான்கு பேரும் அந்தப் படகில் சுமார் 5,500 மைல் கடலைக் கடந்து, 1888 அக்டோபரில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள்.

ஹெட்டிக்குக் கடல் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அதன் பிறகு அவர் கணவரோடு கடற்பயணம் போகவில்லை.

வயலில் கிடந்த படகு

ஊர் திரும்பிய ஸ்லோகத்துக்கு வேலை கிடைக்கவில்லை. நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டன. பாய்க் கப்பல்களைக் கரி ஏற்றும் தோணிகளாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பாய்க் கப்பல் தலைவர்களை யாரும் தேடவில்லை.

1892-ம் ஆண்டில், பாஸ்டன் நகரில் பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்தார். அந்த நண்பர் திமிங்கில வேட்டைக் கப்பலில் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்மிடம் ஒரு கப்பல் இருப்பதாகவும், கொஞ்சம் பழுது பார்த்தால் போதும் என்றும், சும்மாவே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

ஸ்லோகம் ஆசையோடு போய்ப் பார்த்தார். பேர்ஹேவன் என்ற ஊரில், கடலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வயலில், முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மேலே கித்தான் போர்த்தியிருந்தது. ஏழு ஆண்டுகளாக அப்படியே கிடந்த பழைய படகு அது. பெயர் ஸ்பிரே. கடல் அலை பாறையில் மோதும்போது தெறிக்கும் திவலையைக் குறிக்கும் பெயர்.

நண்பர் கேலி செய்துவிட்டார் என்று ஊரே சிரித்தது. ஸ்லோகம் சிரிக்கவில்லை. கோடரியை எடுத்தார். பக்கத்தில் இருந்த ஒரு கருவாலி மரத்தை வெட்டினார். அதில் அடிமரம் செய்தார். ஒவ்வொரு பழைய கட்டையாக எடுத்துவிட்டுப் புதியது வைத்தார். பைன் மரப் பலகை அடித்தார். 13 மாதம் உழைத்தார்.

ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். படகின் நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். பெயர் மட்டும் பழையது. மற்றதெல்லாம் புதியது.

முதலில் மீன் பிடித்துப் பார்த்தார். அந்தத் தொழில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். இந்தப் படகில் தனியாக உலகத்தைச் சுற்றுவது!

1895-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி, பாஸ்டன் துறைமுகத்தில் நங்கூரம் தூக்கினார்.

பாதிப் படகு

பெரிய படகில் போகிறவர்கள், கரைக்குப் போய் வர ஒரு சிறு படகையும் ஏற்றிக்கொள்வது வழக்கம். ஸ்பிரேயின் தளத்தில் முழுச் சிறு படகு வைக்க இடம் இல்லை. வைத்தாலும் ஒருவரால் தூக்கிக் கடலில் இறக்க முடியாது.

ஸ்லோகம் என்ன செய்தார்? கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சிறு படகை வாங்கி, குறுக்கே ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். வெட்டிய பக்கத்தில் பலகை அடித்தார். பாதிப் படகு கிடைத்தது. ஒரே ஆள் தூக்கி இறக்கலாம். வழியில் துணி துவைக்கவும் குளிக்கவும் அதுவே தொட்டி ஆயிற்று.

ஒரு மனிதரின் பலத்துக்கு ஏற்றபடி பொருளைக் குறைப்பது என்ற பாடம் இங்கே தொடங்கியது.

காய்ச்சலில் ஒரு இரவு

முதலில் அட்லாண்டிக் கடலைக் கிழக்கு நோக்கிக் கடந்தார். அசோர்ஸ் தீவுகளில் அவருக்குப் பழமும் பாலாடைக் கட்டியும் கொடுத்தார்கள். அவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டதில் கடுமையான வயிற்று வலி வந்தது. அந்த நேரம் பார்த்துப் புயலும் வந்தது.

பாயைச் சுருக்கிக் கட்டினார். சுக்கானைக் கட்டிவிட்டு, கீழே போய்த் தரையில் விழுந்தார். நினைவு தப்பியது. கண் விழித்தபோது, வெளியே உயரமான ஒரு மாலுமி சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது. கொலம்பஸ் காலத்து மாலுமி அவன்! காய்ச்சல் கண்ட கண்ணுக்குத் தெரிந்த உருவம் அது.

காலையில் எழுந்து பார்த்தார். படகு தன் வழியிலேயே சரியாகப் போயிருந்தது.

சுக்கானைக் கட்டிவிட்டால் ஸ்பிரே தானே நேராகப் போகும். இந்தக் குணம்தான் பின்னால் அவரைக் காப்பாற்றியது.

கொள்ளைக்காரர்கள் துரத்தினார்கள்

ஜிப்ரால்டர் வழியாக மத்திய தரைக் கடலில் நுழைந்து, சூயஸ் கால்வாய் வழியாகப் போவது அவருடைய திட்டம். ஆனால் அந்தப் பக்கம் கடற்கொள்ளைக்காரர்கள் அதிகம் என்று ஜிப்ரால்டரில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள் எச்சரித்தார்கள். ஸ்லோகம் வழியையே மாற்றினார். மீண்டும் அட்லாண்டிக்கைக் கடந்து, தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு, மேற்காகப் போக முடிவு செய்தார்.

கொள்ளைக்காரர்கள் விடவில்லை. மொராக்கோ கரையோரத்தில் ஒரு படகு அவரைத் துரத்தியது. காற்று பலமாக வீசியது. ஸ்லோகம், தம் பாய் தாங்காது என்று கண்டு, அதைச் சுருக்கினார். கொள்ளைக்காரர்களோ, எப்படியும் பிடித்துவிட வேண்டும் என்ற ஆத்திரத்தில், அளவுக்கு மீறிப் பாய் விரித்து வந்தார்கள்.

பெரிய அலை ஒன்று எழுந்தது. ஸ்பிரேயில் பெரிய பாயின் அடியில் இருக்கும் நீண்ட கொம்பு முறிந்தது. ஸ்லோகம் திரும்பிப் பார்த்தார். கொள்ளைப் படகில் பாய்மரமே முறிந்து கடலில் கிடந்தது. பாயைச் சுருக்கியவர் தப்பினார். சுருக்காதவர்கள் சிக்கினார்கள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், பாயின் மேல் அது தள்ளும் விசை நான்கு மடங்கு ஆகும். ஆகவேதான், காற்று ஏறும்போது பாயைக் குறைக்க வேண்டும். பத்துப் பேர் இருந்தால் நொடியில் குறைக்கலாம். ஒரே ஆள் இருந்தால்?

வெட்டினார், வெட்டினார்!

1895 அக்டோபர் 5-ந் தேதி பிரேசிலில் உள்ள பெர்னாம்புகோ போய்ச் சேர்ந்தார். முறிந்த கொம்பைப் புதிதாக மாற்றவில்லை. உடைந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மீதியையே பொருத்தினார். கொம்பு 4 அடி குறைந்தது. அவர் வருந்தவில்லை.

பிறகு ரியோ டி ஜனீரோ. அங்கே, படகின் பின்பக்கத்தில் அரை வட்டமாக ஒரு மரச் சட்டம் அடித்தார். பார்த்தவர்களுக்கு எதற்கு என்று புரிந்திருக்காது. பின்னால் ஒரு சிறிய பாய்மரம் நடுவதற்கான ஏற்பாடு அது.

வழியில் உருகுவே கரையில் படகு மணலில் ஏறிவிட்டது. நங்கூரத்தைப் பாதிப் படகில் வைத்துக்கொண்டு ஆழமான இடத்துக்குப் போனார். பாரம் தாங்காமல் படகு கவிழ்ந்தது. நீந்தத் தெரியாத மனிதர், கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கினார். பெரும்பாடு பட்டுக் கரை ஏறினார்.

பின்னர் பொனஸ் அயர்ஸ் வந்தார். 11 ஆண்டுகளுக்கு முன் மனைவியை இழந்த ஊர் அது.

அங்கேதான் அந்த முக்கியமான வேலையைச் செய்தார். பாய்மரத்தைப் பிடுங்கினார். அதில் 7 அடி வெட்டினார். படகின் முன்னால் கடலை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் முன்கொம்பிலும் சுமார் 5 அடி வெட்டினார்.

ஏன்? மரம் உயரமாக இருந்தால், பாய் பெரிதாக இருக்கும். வேகம் கிடைக்கும். ஆனால் பெரிய பாயை ஏற்றவும் இறக்கவும் ஒருவர் கை போதாது. உயரத்தில் காற்று பிடித்தால் படகும் அதிகமாகச் சாயும். முன்கொம்பு நீளமாக இருந்தால், முன்பாயைச் சுருக்க அதன் நுனி வரை ஊர்ந்து போக வேண்டும். கீழே கொந்தளிக்கும் கடல். கை நழுவினால் முடிந்தது. தூக்கிவிட யாரும் இல்லை.

வேகம் குறைந்தால் குறையட்டும். உயிர் இருக்கட்டும் என்று நினைத்தார். பின்னால் புயலில் அந்த முன்கொம்பின் நுனியில் தொங்கியபோது, இன்னும் ஓர் அடி வெட்டியிருக்கலாமே என்று வருந்தியதும் உண்டு!

நான்கு நாள் புயல்

தென் அமெரிக்காவின் தென் கோடியில் மெகல்லன் ஜலசந்தி இருக்கிறது. அப்போது பனாமா கால்வாய் கிடையாது. பசிபிக் கடலுக்குப் போக அதுவும் ஒரு வழி. உலகத்திலேயே கொடிய காற்று வீசும் இடங்களில் அது ஒன்று. மலையில் இருந்து திடீர் திடீர் என்று காற்று பாய்ந்து இறங்கும். முன்னறிவிப்பே இருக்காது.

1896 பிப்ரவரியில் அதற்குள் நுழைந்தார். பண்டா அரீனாஸ் என்ற ஊரில் சாம்பிளிச் என்ற கப்பல் தலைவர் அவருக்கு ஒரு பை நிறைய சிறு ஆணிகள் கொடுத்தார். எதற்கு என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். அங்கே பழங்குடி மக்களுக்கும், குடியேறிய வெள்ளையர்களுக்கும் பகை முற்றியிருந்த காலம். ஆட்டுப் பண்ணைகளுக்காக அந்த மக்களின் நிலம் பறிபோய்க்கொண்டிருந்தது. இரவில் படகுகள் தாக்கப்படுவது உண்டு.

மார்ச் 3-ந் தேதி ஸ்பிரே பசிபிக் கடலுக்குள் வந்தது. மறுநாளே பெரும் புயல் பிடித்தது. எல்லாப் பாய்களையும் இறக்கினார். பெரிய பாய் கிழிந்து கந்தல் ஆயிற்று. ஒரு சிறு முன்பாயை மட்டும் விறைப்பாகக் கட்டினார். பின்னால் இரண்டு நீண்ட வடங்களைக் கடலில் விட்டார். வடங்கள் இழுபட்டதால் படகு நிதானப்பட்டது. அலைகளும் அதன் மேல் உடையாமல் அடங்கின.

நான்கு நாள் புயல் தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஓர் இரவு, பாறைகள் நிறைந்த கடலில் மாட்டிக்கொண்டார். எங்கு பார்த்தாலும் வெள்ளை நுரை. விடியும் வரை பாறைக்குப் பாறை விலகி விலகிப் படகைத் திருப்பிக்கொண்டே இருந்தார். உயரமான மரமும் பெரிய பாயும் இருந்திருந்தால், தனி ஆளாக அந்த இரவில் அப்படித் திருப்பியிருக்க முடியாது.

மறுநாள் பார்த்தால், சுற்றிச் சுற்றி மீண்டும் ஜலசந்திக்கே வந்திருந்தார்!

அன்று இரவு, தளம் முழுவதும் ஆணிகளை முனை மேலே இருக்கும்படி தூவிவிட்டுத் தூங்கினார். நள்ளிரவில் வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதித்தார்கள். காவல் இல்லாமலே காவல்.

ஊசியும் நூலும்

பாய் கிழிந்துவிட்டது. பண்டா அரீனாசுக்குத் திரும்பிப் போய் உதவி கேட்டிருக்கலாம். அவர் போகவில்லை. கையில் ஊசியை எடுத்தார். நங்கூரம் போட்டபோதும் தைத்தார். படகு ஓடும்போதும் தைத்தார். துண்டு துண்டாக ஒட்டுப் போட்டு ஒரு பெரிய பாய் தயாராகிவிட்டது. அழகாக இல்லை, உறுதியாக இருந்தது.

பல நாள் கழித்து அந்தப் பாயைக் கடலில் பார்த்த ஒரு கப்பல்காரர்கள், ஸ்பிரே ஏதோ புது மாதிரியான பாய் வைத்திருக்கிறது, அதைச் சுருக்கப் புதிய கருவி ஒன்றும் இருக்கிறது என்று சொன்னார்களாம். எல்லாம் ஒட்டுத்தையல்தான்!

அங்கோஸ்டோ என்ற துறையில் தங்கியபோது, பின்பக்கச் சட்டத்தில் சிறிய பாய்மரத்தை நட்டார். அதில் ஒரு சிறு பாய் கட்டினார்.

இதனால் இரண்டு நன்மைகள். ஒன்று, முன்பு பெரிய பாய் தாங்கிய சுமையில் ஒரு பங்கைப் பின்பாய் எடுத்துக்கொண்டது. ஆகவே பெரிய பாயைச் சிறியதாக்க முடிந்தது. ஒரே பெரிய மூட்டையைத் தூக்குவதைவிட இரண்டு சிறு மூட்டைகளாகத் தூக்குவது எளிது அல்லவா?

இரண்டாவது நன்மை, படகு நேராக ஓடுவது. முன்பாயைக் காற்று தள்ளினால், படகின் முகம் காற்றை விட்டு விலகும். பின்பாயைத் தள்ளினால், முகம் காற்றை நோக்கித் திரும்பும். இரண்டும் தராசுத் தட்டுகள் போல. சரியாக நிறுத்திவிட்டால், படகு இந்தப் பக்கமும் திரும்பாது. அந்தப் பக்கமும் திரும்பாது.

காற்று பின்னால் இருந்து வீசும்போது பின்பாயைச் சுருட்டிவிடுவார். பக்கத்தில் இருந்து வீசும்போது விரிப்பார். எந்தக் கோணத்தில் சுக்கான் நின்றால் படகு நேராகப் போகிறது என்று பார்த்து, அங்கேயே கயிற்றால் கட்டிவிடுவார். காற்று ஏறினால் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி மறுபடி கட்டுவார். பிறகு சமைப்பார், படிப்பார், தூங்குவார்.

பல முறை முயன்று, கடைசியில் 1896 ஏப்ரல் 13-ந் தேதி அங்கோஸ்டோவை விட்டு வெளியேறினார்.

மூன்று மணி நேரம்தான்!

ராபின்சன் குரூசோவின் கதைக்குத் தூண்டுதலாக இருந்த ஜுவான் பெர்னாண்டஸ் தீவில் இறங்கினார். அந்த மக்களுக்கு டோநட் என்ற இனிப்புப் பண்டம் சுடக் கற்றுக்கொடுத்தார். பிறகு 72 நாள் எந்தத் துறையிலும் நிற்காமல் ஓடி, ஜூலை 16-ந் தேதி சமோவா தீவு சேர்ந்தார்.

புதையல் தீவு என்ற புகழ் பெற்ற கதையை எழுதிய ஸ்டீவன்சன், 1894-ம் ஆண்டில் அந்தத் தீவில்தான் இறந்தார். அவருடைய மனைவி, ஸ்லோகத்தை அன்போடு வரவேற்றார். தம் தோட்டத்து மூங்கில்களை வெட்டிக் கொடுத்தார். லேசான மூங்கில், ஒரு கையால் தூக்கலாம். மெல்லிய காற்றில் முன்பாயை விரித்துப் பிடிக்க அது உதவியது.

சிட்னியில் ஒருவர் புதிய பாய்களை அன்பளிப்பாகக் கொடுத்தார். ஒட்டுப் பாய்க்கு ஓய்வு கிடைத்தது.

1897-ம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள வியாழன் தீவில் இருந்து இந்து மகா சமுத்திரத்தில் உள்ள கீலிங் தீவுகளுக்குப் போனார். 2,700 மைல், 23 நாள். அந்த 23 நாளில் அவர் சுக்கானைக் கையில் பிடித்திருந்த நேரம் மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை! கீலிங் துறைமுகத்துக்குள் நுழைவதற்குப் பிடித்த நேரமும் அதில் சேர்த்தி.

இதைப் பலர் நம்பவில்லை. ஒரு சிறு படகு, ஆள் தொடாமல் ஆயிரக்கணக்கான மைல் எப்படி நேராக ஓடும் என்று வாதாடினார்கள். ஓடியது என்பதுதான் உண்மை.

பூமி உருண்டை அல்ல என்றவர்

மொரீஷியஸ் வழியாகத் தென் ஆப்பிரிக்கா சேர்ந்தார். அந்நாளில் டிரான்ஸ்வால் நாட்டின் தலைவராக இருந்த குரூகரைச் சந்தித்தார். பூமி தட்டை என்று நம்பியவர் குரூகர். உலகத்தைச் சுற்றி வருகிறார் இவர் என்று அறிமுகம் செய்தபோது, சுற்றி வர முடியாது என்று திருத்தினார் அவர்!

செயின்ட் ஹெலினா தீவில் ஒரு நண்பர் ஆடு ஒன்றைக் கொடுத்தார். அது கடல் வரைபடத்தைத் தின்றுவிட்டது. அடுத்த தீவில் ஆட்டை இறக்கிவிட்டார்.

1898 மே 8-ந் தேதி, போகும்போது தாம் கடந்த கடல் வழியைத் திரும்பவும் குறுக்கே கடந்தார். உலகம் சுற்றி முடிந்தது. இனி வீடு போக வேண்டியதுதான்.

ஆனால் கடல் கடைசியாக ஒரு சோதனை வைத்தது. பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடித்திருந்த வடம் அறுந்தது. மரம் நாணல் போல ஆடியது. 54 வயது மனிதர், ஆடும் மரத்தின் உச்சிக்கு ஏறி, வேறு கயிறு கட்டி மரத்தைக் காப்பாற்றினார்.

நியூயார்க் பக்கம் ஜூன் 25-ந் தேதி சூறாவளி வந்தது. அது வரும் என்று முன்பே உணர்ந்து பாய்களை எல்லாம் சுருட்டியிருந்தார். படகு சாய்ந்து, மீண்டும் நிமிர்ந்தது.

1898 ஜூன் 27-ந் தேதி நள்ளிரவு ஒரு மணிக்கு, நியூபோர்ட் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார். பயணம் எடுத்துக்கொண்ட காலம் மூன்று ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள்.

சில நாளில் பேர்ஹேவன் போனார். ஸ்பிரேயை முதன்முதலில் கட்டி வைத்த அதே முளையில் கொண்டுபோய்க் கட்டினார்.

கடலோடு கலந்தார்

1900-ம் ஆண்டில் தம் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். மூன்றாம் வகுப்புக்கு மேல் அதிகம் படிக்காதவர் எழுதிய அந்தப் புத்தகத்தை உலகம் முழுவதும் விரும்பிப் படித்தார்கள். இன்றும் அது விற்கிறது. ஒரு தீவில் நிலம் வாங்கிக் குடியேறினார். ஆனால் தரை வாழ்வு அவருக்குப் பிடிக்கவில்லை. குளிர்காலம் வந்தால் ஸ்பிரேயை எடுத்துக்கொண்டு தெற்கே போய்விடுவார்.

அப்படித்தான் கடைசி முறையும் போனார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தேதி 1909 நவம்பர் 14. அவர் திரும்பவில்லை. படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. நீராவிக் கப்பல் மோதியதா, பழைய படகு ஓட்டை விட்டதா, எவருக்கும் தெரியாது. 1924-ம் ஆண்டில் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தார்கள்.

ஸ்பிரேயின் அளவுகளை அவர் தம் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பல நாடுகளில் பலர் அதே மாதிரிப் படகு கட்டினார்கள். இப்போது தனியாகக் கடலில் போகிறவர்களுக்கு எத்தனையோ வசதிகள் வந்துவிட்டன. உட்கார்ந்த இடத்தில் இருந்தே ஒரு கயிற்றை இழுத்தால் முன்பாய் தானே சுருண்டுகொள்ளும். காற்றைப் பார்த்துத் தானே சுக்கானைத் திருப்பும் கருவியும் உண்டு.

ஸ்லோகத்திடம் இவை ஒன்றும் இல்லை. ஒரு ரம்பமும், ஓர் ஊசியும், தம் கைக்கு எவ்வளவு அடங்கும் என்ற அறிவும் இருந்தன. அவற்றைக் கொண்டு உலகத்தைச் சுற்றினார்.